காமிராவுக்கு வைத்த பொட்டு

போன வருஷம் ஆயுத பூஜை விடுமுறை முடிந்து வேலைக்குப் போன முதல் நாள் சாயங்காலம் அது நடந்தது. இடம், கோலார் தங்கவயலான கே.ஜி.எஃப்.பில் எங்கள் லைன் வீடுகளுக்குத் திரும்புகிற ரோடு. ஒரு பக்கம் சயனைடு மேடு, இன்னொரு பக்கம் முள்செடி. சுரங்கத்திலிருந்து எடுத்துத் தங்கம் பிரித்த பிறகு கொட்டிய மண்தான் அந்த மேடு. மலை மாதிரி நிற்கும். காற்று அடித்தால் சாம்பல் நிறத் தூசு எழுந்து ரோட்டையே மூடிவிடும். எங்களுக்குப் பழக்கம்தான். முகத்தை மூடிக்கொண்டு நின்றுவிட்டு, அடங்கியதும் நடப்போம்.

நான் பங்காருபேட்டை பக்கம் ஒரு ஆடை ஆலையில் லைன் சூப்பர்வைசர். ஐம்பது பெண்களை அதட்டி வேலை வாங்குகிற உத்தியோகம். அதனால் எனக்குக் குரலும் பெரிது, வாயும் பெரிது. சுற்றி வளைத்துப் பேச வராது. செகண்ட் ஹாண்டில் வாங்கிய சின்ன கார் ஒன்று வைத்திருக்கிறேன். நானேதான் ஓட்டுகிறேன். வீட்டுக்காரருக்குப் பெங்களூரில் வேலை. விடியும் முன்பே மாரிகுப்பத்தில் ரயில் ஏறிவிடுவார், ராத்திரிதான் வருவார். காருக்கு அவர் ஓனர் மாதிரி பேசுவார், அவ்வளவுதான்.

காமிரா கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். பங்காருபேட்டை மார்க்கெட்டில் ஒருத்தன் ரிவர்ஸ் எடுத்து என் கார் மூக்கை உடைத்தான். இறங்கி வந்து, நான் போய் அவனை இடித்தேன் என்று கத்தினான். சுற்றி நின்ற அத்தனை பேரும் அவன் பக்கம். பொம்பளை ஓட்டினால் தப்பு பொம்பளை மேல்தானே. எனக்கு அன்றைக்கு வந்த கோபத்தில் அடுத்த வாரமே ஒரு காமிரா வாங்கிவிட்டேன். எங்கள் ஆலையில் மெஷின் மெக்கானிக்காக இருக்கும் தம்பி, முன் கண்ணாடியில் நடுக் கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டிக் கொடுத்தான். இன்ஜின் ஓடுகிற வரைக்கும் அது படம் பிடிக்கும், சத்தமும் பிடிக்கும். பார்க்க வேண்டுமானால் போனில் பார்த்துக்கொள்ளலாம்.

வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"நம்ம கார் இன்னா மந்திரி காரா? இதுக்கு எதுக்கு காமிரா?"

"மந்திரி கார யாரும் இடிச்சிட்டு என் மேல பழி போடலியே. என் கார் மேலதான போடுறான்."

"வச்சிக்கோ. அதுக்கும் ஒரு பொட்டு வச்சிடு, வேலை செய்யும்."

அவர் கிண்டலுக்குச் சொன்னதை நான் நிஜமாகவே செய்தேன். அதுதான் விஷயம்.

எங்கள் ஊரில் ஆயுத பூஜை என்றால் எதையும் விட மாட்டோம். முன்காலத்தில் சுரங்கத்துக்குள் ஆளை இறக்குகிற கேஜுக்கே பூசணிக்காய் உடைத்த ஜனம். இன்றைக்கு கேஜ் இல்லை, கை மட்டும் அதே கை. மிக்சிக்குப் பொட்டு, கேஸ் சிலிண்டருக்குப் பொட்டு, வீட்டுக்காரர் ஹெல்மெட்டுக்குப் பொட்டு, டிவி ரிமோட்டுக்கும் பொட்டு. எங்கள் ஆலையில் கைரேகை வைக்கிற மெஷினுக்கே சந்தனத்தை அப்பி, மறுநாள் ஒருத்தருக்கும் வருகைப் பதிவாகாமல் போன கதையெல்லாம் உண்டு. வட்டமாக எது இருந்தாலும் அதன் நடுவில் பொட்டு வைத்துவிடும் கை இது.

அந்த பூஜைக்குக் காரைக் கழுவி, முன்னால் வாழைக்கன்று கட்டி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, ஸ்டியரிங்குக்குப் பொட்டு, கியருக்குப் பொட்டு என்று வைத்துக்கொண்டே வந்தேன். காமிராவைப் பார்த்தேன். சின்னதாக ஒரு உருண்டைக் கண். கையை வளைத்து விட்டு, அந்தக் கண் நடுவில் கெட்டியாகச் சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்தேன். முதுகிலும் ஒன்று வைத்தேன். மீதி இருந்த சாமந்திச் சரத்தை அதற்கே சுற்றிவிட்டேன். அதில் எரிகிற சின்ன விளக்கு பூவுக்குள் மறைந்துவிட்டது. படம் தெரியாதே என்று அந்த நேரத்தில் தோன்றவே இல்லை. பொட்டு வைக்கும்போது யாருக்குப் புத்தி வேலை செய்கிறது? வைத்த பொட்டை நாமாகத் துடைக்கவும் கூடாது, தானாக உதிர வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். அப்படியே விட்டேன்.

விடுமுறை முடிந்த அந்த முதல் நாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்துகொண்டிருந்தேன். மழை வருவதற்கு முன்னால் அடிக்குமே, அந்தக் காற்று. மேட்டுக்குப் பக்கத்தில் வரும்போது தூசு சுவர் மாதிரி எழுந்தது. நான் வேகத்தைக் குறைத்தேன். பின்னாலிருந்து ஏதோ ஒரு வண்டி நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனது. "சாவறதுக்குப் போறான் பாரு" என்று திட்டினேன். தூசில் அது என்ன வண்டி என்றுகூடச் சரியாகத் தெரியவில்லை.

அதற்குள் டமால் என்று ஒரு சத்தம். நான் பிரேக்கை மிதித்தேன். கார் நின்றது. தூசு மெல்ல விலகியது. என் பம்பருக்கு ஒரு சாண் முன்னால் ஒரு ஆள் விழுந்து கிடந்தார். பக்கத்தில் சைக்கிள் வளைந்து கிடந்தது. கூடையிலிருந்த தக்காளி ரோடு பூராவும். முதல் பார்வைக்கு எது தக்காளி, எது ரத்தம் என்று தெரியவில்லை. அந்த நிமிஷம் இன்றைக்கும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

கதவைத் திறந்து போட்டது போட்டபடி, இன்ஜின் ஓடியபடி, இறங்கி ஓடினேன்.

அந்த ஆள் பூதிகோட்டையிலிருந்து தக்காளி கொண்டுவந்து தெருத்தெருவாக விற்கிறவர். பின்னாலேயே நடந்து வந்த அவர் மனைவி, தூசுக்காக முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நின்றிருக்கிறார். சத்தம் கேட்டு முந்தானையை எடுத்தவர் கண்ணில் பட்டது என் கார்தான். ஓடி வந்து என் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினார். பாதி தெலுங்கு, பாதி தமிழ்.

"கண்ணு இல்லியா உனக்கு? மனுசன் தெரியலியா உனக்கு?"

எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. ஐம்பது பேரை அதட்டுகிற வாய். நான் இடித்தேனா? சத்தம் கேட்டது. பிரேக் போட்டேன். ஆள் என் வண்டிக்கு முன்னால் கிடக்கிறார். வேறு யார் இடித்திருப்பார்கள்? நான்தான் இடித்துவிட்டேன் என்று என் மனசே தீர்ப்பு எழுதிவிட்டது. அந்த அம்மாள் காலில் விழுந்தேன். "தெரியாம நடந்துபோச்சும்மா" என்று அழுதேன்.

கும்பல் கூடிவிட்டது. "பொம்பள கையில வண்டி குடுத்தா இப்பிடிதான்" என்று ஒரு குரல். "போன் பேசினு வந்திருப்பா" என்று இன்னொரு குரல். போன் என் பைக்குள் கிடந்தது. அதைச் சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை.

அப்போதுதான் பக்கத்து வீட்டு அண்ணன் வந்தார். எங்கள் லைனில் எங்களுக்கும் அவர்களுக்கும் ஒரே சுவர். சுரங்கக் காலத்து வரிசை வீடு, அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். இருபது வருஷப் பழக்கம். என் வீட்டுக்காரருக்கு ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரியில் கூட உட்கார்ந்திருந்த மனுஷர். லைனில் யாருக்கு என்ன பிரச்னை என்றாலும் முன்னால் நின்று பேசுகிறவர். வளைவுக்கு அந்தப் பக்கம் டீக்கடையில் உட்கார்ந்திருந்தாராம். அவரைப் பார்த்ததும் எனக்குச் சாமியே வந்த மாதிரி இருந்தது.

"யாரும் கைய வைக்காதீங்க. நம்ம லைன் பொண்ணு. நான் பாத்துக்கறேன்" என்று கும்பலை விலக்கினார். ஒரு ஆட்டோவை நிறுத்தி, அடிபட்டவரை நாலு பேராகத் தூக்கி, மனைவியையும் ஏற்றிவிட்டார். என் காரில் ஏறி, நடு ரோட்டில் நின்றதை ஓரமாக எடுத்துப் போட்டார். கொஞ்ச நேரம் உள்ளேயே உட்கார்ந்து போன் பேசினார். போலீசுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இறங்கி வந்து சாவியை என் கையில் கொடுத்தார். டீக்கடையில் சோடா வாங்கி வந்து, கொஞ்சத்தை என் முகத்தில் தெளித்து, மீதியைக் குடிக்க வைத்தார்.

"இத பாரு கண்ணு, பயப்படாத. நாளைக்குக் காலைல வண்டி பேப்பர் எல்லாம் எடுத்துக்கோ. சேந்து ஸ்டேஷனுக்குப் போலாம். தூசுல தெரியாம இடிச்சிட்டேன்னு நீயே சொல்லிடு. நீயா சொன்னா கேஸ் லேசாப் போயிடும். மத்தத இன்சூரன்ஸ்காரன் பாத்துப்பான்."

"அந்த ஆளு பொழைப்பாராண்ணா?"

"பொழைப்பான், பொழைப்பான். நீ வூட்டுக்குப் போ."

நான் தலையாட்டினேன். அவர் சொன்ன அத்தனைக்கும் தலையாட்டினேன்.

அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. இடுப்பும் காலும் நொறுங்கிப்போய் அந்த ஆளைக் கோலார் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள் என்று சொன்னார்கள். கண்ணை மூடினால் தக்காளி உருண்டது. வீட்டுக்காரர் லீவு போடட்டுமா என்று கேட்டார். "நீங்க போங்க, அண்ணன் இருக்காரே" என்று நான்தான் ரயிலுக்கு அனுப்பினேன்.

காலையில், அண்ணன் வருவதற்கு முன், பேப்பர்களை எடுக்கக் காரில் போய் உட்கார்ந்தேன். டாஷ்போர்டைத் திறந்து கையை விட்டபோது மேலே இருந்து காய்ந்த சாமந்தி இதழ் ஒன்று என் மடியில் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தேன். காமிரா.

நம்புங்கள், அதுவரைக்கும் அந்த ஞாபகமே வரவில்லை. எந்த நேரத்துக்கு என்று வாங்கினேனோ, அந்த நேரத்தில் மறந்துபோனேன். போனில் முந்தின நாள் சாயங்காலத்தைத் தேடி எடுத்தேன். திரை பூராவும் சிவப்பு. ஓரத்தில் மட்டும் நகம் மாதிரி கொஞ்சம் வெளிச்சம். ரோடும் இல்லை, ஆளும் இல்லை. குங்குமம்தான் ஓடுகிறது. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. காசு போட்டு ஒரு கண்ணை வாங்கி, அதை என் கையாலேயே குருடாக்கி வைத்திருக்கிறேன்.

அணைக்கப் போனேன். அப்போது என் குரல் கேட்டது. "சாவறதுக்குப் போறான் பாரு."

படம்தான் இல்லை, சத்தம் இருந்தது.

திரும்ப முதலிலிருந்து கேட்டேன். பின்னாலிருந்து வருகிற நீள ஹாரன். என் திட்டு. அந்த வண்டி சத்தம் என்னைத் தாண்டி முன்னால் போகிறது. அப்புறம் டமால். அந்தச் சத்தம் தூரத்தில் கேட்கிறது. அதற்குப் பிறகு "அய்யோ" என்று என் குரல். அதற்கும் பிறகுதான் என் பிரேக் கிறீச்சிடுகிறது. கார் நிற்கிறது. என் காரில் எதுவும் மோதவில்லை. ஒரு தட்டல் சத்தம்கூட இல்லை.

என் மனசில் டமாலும் பிரேக்கும் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருந்தன. நடுவில் இடைவெளி இருந்தது எனக்குத் தெரியவே இல்லை. நான் இடிக்கவில்லை. ஸ்டியரிங் மேல் தலையை வைத்துக்கொண்டு அழுதேன். போனை அணைக்கவில்லை, அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கதவு திறக்கிற சத்தம், நான் ஓடுகிற சத்தம், கும்பல் சத்தம், அந்த அம்மாள் அலறல், நான் காலில் விழுந்து அழுவது, எல்லாம் தூரத்தில் கேட்டது. அப்புறம் யாரோ ஏறி உட்காருகிறார். கதவு சாத்துகிறது. கார் நகர்கிறது, நிற்கிறது. பிறகு அண்ணன் குரல். பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி அவ்வளவு தெளிவாக.

"எங்கடா கீற? நிக்காத. நேரா போய்னே இரு... கண்ணாடி ஒடஞ்சி நீ போனத நானே பாத்தேன்டா... உயிரு கீது. ஆட்டோல ஏத்தி வுட்டேன்... வண்டிக்கு இன்சூரன்ஸ் கட்டுனியா? எத்தினி வாட்டி சொன்னேன் உனுக்கு? மாமனார் சொல்றத ஒருநாளாவது கேட்டியா?"

கொஞ்ச நேரம் எதிர்ப்பக்கம் பேசுவதைக் கேட்கிறார். பெருமூச்சு விடுகிறார்.

"சரி வுடு. இங்க பக்கத்து வூட்டுக்காரி வண்டி நிக்குது. அவ எல்லாம் கரெக்டா கட்டி வச்சிருப்பா... இல்லடா, அவளுக்கே தெரியல. தான் இடிச்சிட்டேன்னு அழுதுனு கீறா. அப்படியே இருக்கட்டும்."

அப்படியே இருக்கட்டும்.

இன்ஜின் அணைகிறது. பதிவு அதோடு முடிந்தது. அதற்கு அடுத்துதான் அவர் இறங்கிப் போய் எனக்குச் சோடா வாங்கியிருக்கிறார்.

மறுபடி கேட்டேன். யாரோ வேறு ஆள் குரலாக இருக்கக் கூடாதா என்று கேட்டேன். எப்படி வேறு ஆளாக இருக்கும்? இருபது வருஷமாகச் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கிற குரல். அவர் சளி பிடித்துப் பேசினாலே எனக்குத் தெரியும். அவருடைய மருமகன் சாமான் ஏற்றுகிற சின்ன வண்டி ஓட்டுகிறவன். அந்த வண்டி வாங்கிய அன்று அதற்குத் தேங்காய் உடைத்தபோது பக்கத்தில் நின்று கை தட்டியவள் நான்.

நான் இன்னும் காரிலேயே உட்கார்ந்திருக்கும்போது அண்ணன் வந்தார். குளித்து, விபூதி வைத்து, இஸ்திரி போட்ட சட்டையோடு. ஜன்னல் பக்கம் குனிந்தார்.

"போலாமா கண்ணு? பேப்பர் எடுத்துட்டியா?"

போனைத் தட்டி, சத்தத்தை முழுசாக வைத்தேன்.

"எங்கடா கீற? நிக்காத" என்று அவர் குரல் அவருக்கே கேட்டது. அப்படியே குனிந்தபடி நின்றார். கடைசி வரை கேட்டார். பிறகு நிமிர்ந்து காருக்குள் இங்கேயும் அங்கேயும் பார்த்தார். கண் காமிராவில் போய் நின்றது.

"இதா? பூ சுத்தி, பொட்டெல்லாம் வச்சிருந்துச்சே. நான் இன்னாமோ சாமின்னு நெனச்சேன்."

என் வாழ்க்கையில் இவ்வளவு அதிர்ந்துபோனது இல்லை. மன்னிச்சிடு என்று சொல்வார், இல்லாவிட்டால் அது தன் குரலே இல்லை என்று சாதிப்பார் என்று எதிர்பார்த்தேன். சாமி என்று நினைத்தாராம். சாமி என்று நினைத்தும்தானே அதன் முன்னால் உட்கார்ந்து அந்தப் பேச்சைப் பேசினார்?

"எப்பிடிண்ணா உனக்கு மனசு வந்துச்சு?" என்றேன். அதுவரைக்கும் அவரை நீ என்று நான் சொன்னதில்லை.

"கத்தாத. லைன் பூரா கேக்கும். பொண்ணு மாசமா கீறா. இவன் உள்ள போனா அவ கதி இன்னா?"

"நான் உள்ள போனா?"

"நீ எதுக்குப் போற? உன் வண்டிக்கு எல்லாம் கீது. ஒரு கையெழுத்து, அவ்ளோதான். அந்த ஆளுக்கும் ஏதோ கெடைக்கும். உனக்கு இன்னா நஷ்டம், சொல்லு."

"ராத்திரி பூரா ஒரு ஆளக் கொன்னுட்டேன்னு நெனச்சினு கெடந்தேன். அது உனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சோடா வாங்கிக் குடுத்த."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"பாவமா இருந்துச்சு. அதான் வாங்கிக் குடுத்தேன்."

காரைக் கிளப்பினேன். அவர் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நாலடி கூடவே வந்தார். பிறகு விட்டுவிட்டார்.

ஸ்டேஷனில் நானே தனியாகப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அங்கே இருந்த அதிகாரி பதிவை முழுசாகக் கேட்டார். படம் ஏன் சிவப்பாக இருக்கிறது என்று கேட்டார். காரணத்தைச் சொன்னேன். கான்ஸ்டபிள் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டார். சிரிக்கட்டும். சாயங்காலத்துக்குள் அந்தச் சாமான் வண்டியை முன் கண்ணாடி உடைந்தபடியே பிடித்துவிட்டார்கள். அதன் இடுக்கில் தக்காளித் தோல் காய்ந்து ஒட்டியிருந்ததாம்.

ஆனால் சாயங்காலம் வரைக்கும் நான் காத்திருக்கவில்லை. ஸ்டேஷனிலிருந்து நேராகக் கோலார் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்த அம்மாள் என்னைப் பிடித்து உலுக்கியது என் தோளில் இன்னும் வலித்தது. நான் இடிக்கவில்லை என்று அவர் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும். அவர் என்னைப் பார்த்து, தப்பாகப் பேசிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தைக்காகப் பறந்துகொண்டு போனேன்.

வார்டுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தார். முந்தின நாள் சேலைதான். முந்தானையில் கறை. எல்லாவற்றையும் சொன்னேன். பதிவையும் போட்டுக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். அவர் கணவர் உயிருக்கு ஆபத்து இல்லை, ஆனால் மறுபடி சைக்கிள் மிதிப்பது கஷ்டம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"அப்போ நீ இல்லியா?"

"நான் இல்லம்மா."

"அந்த வண்டிக்கு இன்சூரன்ஸ் கீதா?"

"இல்ல."

"அவங்களுக்கு நெலம், வூடு ஏதானும்?"

"ஒண்ணியும் இல்லம்மா. அந்த ஒரு வண்டிதான்."

நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். பிறகு, கோபம் இல்லாமல், குத்தல் இல்லாமல், பக்கத்து வீட்டுக்காரியிடம் விலைவாசி பேசுகிற மாதிரி சொன்னார்.

"நீயே இடிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும்மா."

எனக்கு யார் மேலாவது கோபம் வந்தால் உடனே வாய் திறக்கும். அன்றைக்கு அந்த அம்மாள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். கையில் இருந்த பணத்தை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, மாடிப்படியில் வந்து உட்கார்ந்தேன். காலையிலிருந்து நான் ஜெயித்துக்கொண்டே வந்தேன். அந்தப் படியில்தான், நான் ஜெயித்ததில் அடிபட்டவருக்கு ஒரு பருக்கைச் சோறு இல்லை என்று புரிந்தது. அண்ணன் சொன்ன கணக்கும் இந்த அம்மாள் சொன்னதும் ஒரே கணக்கு என்பது எனக்குச் சம்மட்டி அடி மாதிரி இருந்தது. ஆனால் இரண்டு பேரும் ஒன்றில்லை. அந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

அப்புறம் நடந்தது சுருக்கம்தான். மருமகன் மேல் வழக்கு நடக்கிறது. அந்த வண்டியை விற்றுவிட்டார்கள். அந்தப் பணத்தில் தக்காளிக்காரருக்கு ஏதோ கொடுத்ததாகக் கேள்வி, போதவில்லை என்றும் கேள்வி. அவர் கோலூன்றி நடக்கிறார். அந்த அம்மாள் தனியாகக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு எங்கள் லைன் பக்கம் வருகிறார். நான் அவரிடம்தான் தக்காளி வாங்குகிறேன். நாங்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

லைனில் பாதிப் பேர் என்னோடு பேசுவதில்லை. "ஒரே லைன்ல இருந்துகினு காட்டிக் குடுத்துட்டா" என்று தண்ணீர்க் குழாய் கிட்டே என் காதுபடவே சொன்னார்கள். நானும் அவர்கள் காதுபடவே கேட்டேன்: "உன்னச் செய்யாத கொலைக்கு அழ வச்சா நீ சும்மா இருப்பியா?" குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அண்ணனுக்குப் பேரன் பிறந்தான். குழந்தை பிறந்ததற்கு லைனில் கொடுத்த சர்க்கரை எங்கள் வீட்டுக்கு வரவில்லை. குழந்தை அழுவது மட்டும் சுவர் வழியாக வந்தது.

ஆலையில் கார் வாங்குகிறவர்கள் எல்லாம் என்னிடம் வந்து, காமிரா வைக்கலாமா அக்கா, பிரயோஜனம் உண்டா என்று கேட்கிறார்கள். வையுங்கள். சத்தத்தை அணைத்து வைக்காதீர்கள். கண்ணைத் துடைத்து வையுங்கள். ரோட்டில் நமக்கு நாமே சாட்சி இல்லை. என் கண் முன்னால் நடந்ததையே என் மனசு மாற்றி எழுதியதை நான் பார்த்தேன். அந்தக் காமிரா இல்லாவிட்டால் இன்றைக்கும் நான் அந்த ஆளை இடித்தவளாகவே வாழ்ந்துகொண்டிருப்பேன்.

இந்த வருஷ ஆயுத பூஜைக்கும் காருக்குப் பொட்டு வைத்தேன். காமிரா பக்கம் கை போனது, நின்றது. கண்ணில் வைக்கவில்லை, முதுகில் மட்டும் வைத்தேன். பூ சுற்றவில்லை. வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், இந்த முறை கிண்டல் செய்யவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணன் பேரனைக் கொஞ்சுவது தினமும் கேட்கிறது. நல்ல குரல், அன்பான குரல். அதைக் கேட்கும்போதெல்லாம், அழுகிறவளைப் பார்த்து அப்படியே இருக்கட்டும் என்று சொன்னதும் இதே குரல்தான் என்பது நினைவுக்கு வந்து, அரிசி களைகிற கை இன்றைக்கும் ஒரு நிமிஷம் நின்றுவிடுகிறது.